நான் மறைத்த தூசு

என் வீட்டுப் பட்டறையில் என்னோடு சேர்ந்து மரம் அறுத்த ஆசாரியாரிடம், அந்த அறையின் காற்று சுத்தமாக இருக்கிறது என்று சொன்னேன். அது சுத்தமாக இல்லை என்பது எனக்குத் தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் அப்படியே சொல்லிவந்தேன். இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டபோது, பெயரை மட்டும் போடவேண்டாம் என்றார். குற்றம் முழுவதும் என்னுடையது. அதனால் அவர் பெயருக்கு இங்கே வேலையும் இல்லை.

நான் காரைக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரில் பிறந்தவனுக்கு மரத்தின் மேல் ஆசை வருவதற்குத் தனிக் காரணம் வேண்டியதில்லை. கடல் கடந்து போய்ப் பொருள் ஈட்டிய நகரத்தார், பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து கட்டிய வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. 1942இல் ஜப்பானியர் படை ரங்கூனுக்குள் நுழைந்ததோடு அந்த வரவு அறுந்தது. பிறகு பாகப் பிரிவினைகள், பூட்டிய வீடுகள், பராமரிக்க முடியாமல் இடிக்கப்பட்ட வீடுகள். நல்ல நிலைக்கதவும் கடைந்த தூணும் முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடும். உளுத்த நுனியுள்ள சட்டம், ஆணி அடித்துக் கெட்ட விட்டத் துண்டு, சாயம் உரிந்த ஜன்னல் கதவு என்று மிஞ்சியவை மரவாடியில் மலிவாகக் கிடைக்கும். அவற்றை வாங்கி முக்காலியும் புத்தக அலமாரியும் செய்வதுதான் என் ஓய்வுக்காலத் தொழில்.

மேசை ரம்பம் விலைக்கு வாங்கவில்லை. நம் ஊர்ப் பட்டறைகளில் பலரும் செய்வதுபோல, கையில் பிடித்து அறுக்கும் சர்குலர் ரம்பத்தை ஒரு பிளைவுட் மேசைக்கு அடியில் தலைகீழாக முடுக்கி, பிளேடு மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தேன். 185 மில்லிமீட்டர் பிளேடு, நிமிடத்துக்கு 5500 சுற்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் பல்லின் வேகம் நொடிக்கு 53 மீட்டர். அந்த வேகத்தில் பழந்தேக்கைக் கடித்தால் தூள் எங்கே போகாது? பின்கட்டிலிருந்து வளவு வரை போனது. முற்றத்தில் காயப்போட்ட வற்றலில் விழுந்தது. சாமி படங்களின் கண்ணாடியில் மஞ்சளாகப் படிந்தது. என் மனைவி, "துடைச்சுத் துடைச்சுக் கை ஓஞ்சு போச்சுங்க" என்றாள்.

கண்ணில் படும் தூளை நிறுத்தவேண்டும். எனக்குக் கிடைத்த புகார் அதுதான், நான் தீர்க்க உட்கார்ந்த கணக்கும் அதுதான். மூச்சைப் பற்றி நான் அப்போது யோசிக்கவே இல்லை.

சர்குலர் ரம்பத்தின் தூள் வாய் வட்டமாக இல்லை. ஒரு பக்கம் சப்பையான முட்டை வடிவம். கடையில் விற்கும் எந்தக் குழாயும் அதில் உட்காராது. நானே செய்யத் தொடங்கினேன். அந்த வேலையில் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லாமல் இந்த வாக்குமூலம் முழுதாகாது, ஏனென்றால் பின்னால் செய்த தவறு அந்தச் சந்தோஷத்திலிருந்துதான் கிளம்பியது. முதலில் தூள் வாயின் அளவுக்கு ஒரு தேக்குக் கட்டையை உளியால் செதுக்கி, அரத்தால் ராவி அச்சு செய்தேன். பி.வி.சி. குழாய்த் துண்டின் நுனியை ஹீட் கன்னால் சுற்றிச் சுற்றிக் காட்டினால் 80 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் சூடு ஏறினால் கையுறைக்குள் துணிபோல மடியும். ஒரே இடத்தில் காட்டிக்கொண்டே இருந்தால் பழுப்பேறி, மூக்கை எரிக்கும் அமில வாடை வரும். அந்தத் துண்டை எறிந்துவிட வேண்டியதுதான். சரியான நேரத்தில் அச்சின்மேல் அழுத்தி, ஈரத்துணியைச் சுற்றிப் பிடித்தால் குழாய் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். ரம்பம் அதிரும் இடத்தில் விறைப்பான இணைப்பு விரிசல் விடும் என்பதால் அங்கே பழைய சைக்கிள் டியூபை வெட்டி உறையாக மாட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டேன். மேசைக்கு அடியில் பிளைவுட் பெட்டி, சந்துகளில் எம்-சீல். பெட்டியின் வாய் 110 மில்லிமீட்டர், பிளம்பர்கள் நாலு இஞ்ச் என்று சொல்லும் அளவு. அதிலிருந்து ரெடியூசர்களை வரிசையாகப் போட்டு, வீட்டு வாக்யூம் கிளீனரின் 35 மில்லிமீட்டர் குழாய்வரை குறுக்கிக்கொண்டு வந்தேன். நடுவில் 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று. தூள் அதற்குள் சுழன்று அடியில் விழும். காற்று மட்டும் மேலேறி வாக்யூமுக்குப் போகும்.

ஓடவிட்ட அன்றைக்கு வாளி நிறையத் தூள். தரையில் விரலால் கோடு போட்டால்கூடத் தெரியாத அளவுக்குச் சுத்தம். பார்க்க வந்த நண்பர்களிடம் ஒவ்வொரு இணைப்பையும் கழற்றிக் காட்டினேன். தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் வீட்டில் பட்டறை வைத்திருக்கிற சிலர் அளவுகளைக் குறித்துக்கொண்டு போனார்கள். தேக்கு அச்சைக் கடனாகவும் கொடுத்தேன்.

ஆசாரியார் வாரத்தில் சில நாள் வந்து எனக்குக் கைகொடுப்பார். என்னைவிட மூத்தவர். சிறு வயதில் அப்பாவோடு உளி பிடித்தவர், கைவாளால் நூல் பிடித்ததுபோல அறுக்கக்கூடியவர். மெஷினில் அறுக்கும்போது தோளில் கிடக்கும் துண்டை நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வது அவர் வழக்கம். என் குழாய்கள் வந்த பிறகு ஒருநாள் அந்தத் துண்டைத் தொட்டுக் காட்டி, "இனிமே இது வேணாமா சார்?" என்று கேட்டார்.

"வேணாம் ஆசாரியாரே. எல்லாத்தையும் இழுத்திடுது" என்றேன்.

அவர் துண்டை அவிழ்த்தார். அந்த நேரத்தில் நான் சொன்னது அறியாமை. அறியாமைக்கு ஓரளவு மன்னிப்பு உண்டு. அதற்குப் பிறகு நடந்ததற்கு இல்லை.

ஒரு நாள் இரவு மின்சாரம் போய் வந்த நேரத்தில், பாதியில் நின்ற ஒரு சட்டத்தை முடித்துவிடலாம் என்று பட்டறைக்குள் போனேன். குழல் விளக்கு எரியவில்லை. டார்ச்சை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு அறுத்தேன். பிளேடுக்கு மேலே, டார்ச் வெளிச்சம் போன பாதை முழுவதும் வெள்ளையாக எழுந்து நின்றது. முன்பக்கத்துப் பல் மரத்தைக் கீழ்நோக்கி வெட்டுவதால் பெரும்பாலான தூள் அடியில் போய்விடும். பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்ட மீதி, பிளேடோடு ஒரு சுற்றுச் சுற்றி மேலே வந்து, அறுப்பவரின் முகத்தை நோக்கியே வீசப்படும். அந்த மீதியைப் பிடிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வாக்யூம் பக்கம் டார்ச்சைத் திருப்பினேன். அதன் பின்வாயிலிருந்தும் மெல்லிய புகை மாதிரி வந்துகொண்டிருந்தது. பையில் தங்காத நுண்தூசை அது அதே அறைக்குள் திருப்பி ஊதிக்கொண்டிருந்தது. ரம்பத்தை நிறுத்தினேன். வெகு நேரம் நின்று பார்த்தும் வெளிச்சத்தின் பாதை மறையவில்லை.

இதற்குப் பெயர் டிண்டால் விளைவு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடந்தோறும் நடத்தியிருக்கிறேன். கூழ்மத் துகள்களில் ஒளி சிதறுகிறது, பாலும் நீரும் எடுத்துக்காட்டு, இரண்டு மதிப்பெண். பாடத்தில் இல்லாத மறுபாதியும் எனக்குத் தெரியும். ஜான் டிண்டால் 1870இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேசியது தூசையும் நோயையும் பற்றி. ஒளிக்கற்றையில் மிதக்கும் தூசைக் காட்டி, நாம் உள்ளே இழுப்பது இதைத்தான் என்றார். பஞ்சின் வழியாக மூச்சு இழுத்தால் அந்தத் தூசு தங்கிவிடும் என்றும் காட்டினார். பிறகு தீயணைப்பு வீரர்களுக்குப் பஞ்சும் கரியும் வைத்த முகமூடியை வடிவமைத்தார். நான் நடத்தியது தேர்வில் வருகிற பாதியை.

மறுநாள் ஆசாரியாரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குழல் விளக்கை மாற்றினேன், இன்னொன்றும் போட்டேன். வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தால் அந்தப் பாதை கண்ணுக்குத் தெரியாது. விளக்கு போட்டதற்கு வேலை வசதி என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணத்தை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்: பார்க்காமல் இருப்பதற்காகப் போட்டேன்.

ஏன் சொல்லவில்லை? பணம் ஒரு சாக்கு. நல்ல பிளேடு வாங்கத் தயங்காதவன் நான். ஒத்துக்கொண்டால் அந்தக் குழாய் வரிசை மொத்தமும் தப்பு என்று ஆகிவிடும், இதுதான் விஷயம். 110இலிருந்து 35க்குக் குறுக்கினால் வாயின் பரப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிறது. மரத்தூளைக் குழாயில் தங்கவிடாமல் கொண்டுபோக நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் காற்று ஓடவேண்டும். நாலு இஞ்ச் குழாயில் அந்த வேகம் வர நொடிக்கு 170 லிட்டர் காற்று வேண்டும். வீட்டு வாக்யூம் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டாலே பெரிது. அதன் இழுவிசை அதிகம், அது நகர்த்தும் காற்று குறைவு. கனமான சீவலை இழுக்க அது போதும். மிதக்கிற தூசை இழுக்க இழுவிசை உதவாது, காற்றின் அளவுதான் உதவும். நான் செதுக்கிய அச்சும் வளைத்த குழாயும் ஒட்டிய டியூபும் கண்ணுக்குத் தெரிந்த தூளை மட்டும் அப்புறப்படுத்தி, தெரியாததை அறையிலேயே விட்டுவைத்திருந்தன. அதைவிட மோசம், தரை சுத்தமாக இருந்ததால் காற்றும் சுத்தம் என்று எல்லாரையும் நம்பவைத்தன.

தெரிந்துகொண்டு மறைத்ததன் கனம் புரிய, மரத்தூசு என்ன செய்யும் என்பதையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஒரு ஊர், நாற்காலி செய்வதற்குப் பேர்போனது. அங்கே இருந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் எஸ்மி ஹாட்ஃபீல்டும், ஆக்ஸ்ஃபோர்டின் ரொனால்ட் மக்பெத்தும் 1960களில் ஒன்றைக் கவனித்தார்கள். மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளில் வரும் அரிய வகைப் புற்றுநோய், மரச்சாமான் தொழிலாளர்களிடம் திரும்பத் திரும்ப வந்தது. டொனால்ட் அச்சிசன் முதலியோரோடு சேர்ந்து 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். தூசை முகர்ந்த காலத்துக்கும் நோய் வெளிப்பட்ட காலத்துக்கும் நடுவே பல பத்தாண்டுகள் இருந்தன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் மரத்தூசைக் கல்நாரும் புகையிலைப் புகையும் இருக்கிற முதல் வகையில் வைத்தது. பெரிய துகள் மூக்கில் தங்கும், 10 மைக்ரானுக்குக் கீழே உள்ளது நெஞ்சுக்குள் இறங்கும். ஒரு மைக்ரான் அளவுள்ள துகள், அசையாத காற்றில் ஆள் உயரம் இறங்கவே பல மணி நேரம் எடுக்கும். அறுத்து முடித்து, முகமூடியைக் கழற்றி, காபி குடிக்கிற நேரத்திலும் அது மூக்கின் உயரத்தில்தான் இருக்கிறது. தேக்கிலும் ஈட்டியிலும் உள்ள குயினோன் வகைப் பொருள்கள் சிலருக்குத் தோல் அரிப்பையும் கொப்புளத்தையும் கொடுக்கும். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 14ஆம் பிரிவிலேயே, தூசு கிளம்பும் இடத்துக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே உறிஞ்சவேண்டும், அந்த இடத்தை முடிந்தவரை மூடவேண்டும் என்று எழுதிவைத்தது. இரண்டு பேர் வேலை செய்யும் வீட்டுப் பின்கட்டுக்கு அந்தச் சட்டம் வரவில்லை. சட்டம் வராத இடத்தில் ஆசாரியாருக்கு என் வார்த்தையைத் தவிர வேறு காவல் இருக்கவில்லை.

அவருக்கு இருமல் வந்தது. காலையில் வரும்போதே இருமிக்கொண்டு வருவார். பட்டறையில் அதிகமாகும். டார்ச் வெளிச்சத்தில் நான் பார்த்த பிறகு நடந்தது இது. "பீடியைக் குறைங்க ஆசாரியாரே" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பீடி பிடிப்பதில் அவருக்கு ஏற்கெனவே வெட்கம் உண்டு. அந்த வெட்கத்தின்மேல் என் பங்கையும் ஏற்றிவிட்டு நான் தப்பித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளில் இதைத்தான் திரும்ப எடுக்க விரும்புகிறேன்.

இன்னொன்றும் உண்டு. வாளி நிறைந்தால் அந்தத் தூளைச் சாக்கில் கட்டி ஆசாரியாருக்கே கொடுப்பேன். அவர் வீட்டில் இன்னும் மரத்தூள் அடுப்பு இருக்கிறது, வெந்நீர் போட. கொடுக்கும்போது நல்லது செய்கிறோம் என்ற திருப்தி வேறு. நாங்கள் அறுத்த பழைய ஜன்னல் கதவுகளில் பாதிக்கு மேல் பச்சையும் நீலமும் பூசியவை. பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலப்பது வழக்கமாக இருந்தது. நம் நாட்டில் வீட்டு வர்ணத்தில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பூசிய கதவை அறுத்தால் தூசில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூளை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் இருக்கலாம். உடலுக்கு இவ்வளவு ஈயம் கெடுதல் இல்லை என்று சொல்லக்கூடிய அளவே கண்டறியப்படவில்லை. வளரும் குழந்தையின் மூளைக்குத்தான் அது முதலில் பகை. ஆசாரியார் வீட்டில் தவழ்கிற வயதில் ஒரு பேத்தி. வேதியியல் நடத்தியவன் நான். சாக்கைத் தூக்கி அவர் சைக்கிளில் வைத்துக் கட்டியதும் நான்.

அந்தப் பேத்தியை அவர் ஒருநாள் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற பிள்ளை, மேசை விளிம்பை வாயில் வைத்துக் கடித்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பிள்ளையை வளவுக்கு அனுப்பிவிட்டு, விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, டார்ச்சைப் போட்டு, ஒரு கட்டையை அறுத்துக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது பார்த்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப நான் பீடியாலதான் இருமுறேன்னு சொன்னீகளே, அப்பவே இது உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்" என்றேன்.

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனார். சில வாரங்கள் வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டு, மருத்துவரிடம் அழைத்துப் போனேன். குழாயில் ஊதவைத்து மூச்சின் அளவைப் பார்த்தார்கள். மூச்சுக்குழல் சுருங்கியிருக்கிறது, பீடியும் காரணமாகலாம், மரத்தூசும் காரணமாகலாம், ஒரு மனிதரிடம் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பேத்திக்கு இரத்தத்தில் ஈயம் பார்த்தோம். சிகிச்சை தேவைப்படும் அளவில் இல்லை. அது என் நல்ல காலம். நான் செய்ததை அது சின்னதாக்காது.

ஆசாரியார் இப்போது மறுபடி வருகிறார். என் பேச்சை அப்படியே நம்புவதில்லை. எதையாவது புதிதாக மாட்டினால் முதலில் விளக்கை அணைக்கச் சொல்கிறார். அவர் செய்வது சரி.

பழைய வரிசையை முழுவதும் கழற்றிவிட்டேன். மேசைப் பெட்டியிலிருந்து நாலு இஞ்ச் குழாய் எங்கேயும் குறுகாமல் நேராகச் சுவரைத் தாண்டிப் போகிறது. மோட்டாரும் பையும் கொல்லைப்புறத்தில், வீட்டு ஜன்னல்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் எட்டத்தில் இருக்கின்றன. பிளேடுக்கு மேலே ஒரு மூடி, அதற்கென்று தனிக் கிளைக்குழாய். பழைய மரத்தில் ஆணி இருந்தால் பொறி பறந்து பைக்குள் போய்க் கனிந்துகொண்டிருக்கும் என்பதால் காந்தம் வைத்துத் தேடி, ஆணி பிடுங்கிய பிறகே அறுக்கிறோம். வர்ணம் பூசிய பலகை என் மேசைக்கு வருவதே இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு பேரும் எஃப்.எஃப்.பி.2 முகமூடி போட்டுக்கொள்கிறோம். டார்ச்சில் இன்னும் கொஞ்சம் தெரியத்தான் செய்கிறது.

என்னிடம் அளவு வாங்கிப் போனவர்களுக்கும், அவர்களிடமிருந்து வாங்கியவர்களுக்கும் சொல்கிறேன். அந்த ரெடியூசர் வரிசை தவறு, கழற்றி எறியுங்கள். வாக்யூம் அறைக்குள் இருந்தால் இன்றைக்கே வெளியே வையுங்கள். இரவில் விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்து ஒரு கட்டையை அறுத்துப் பாருங்கள், உங்களோடு வேலை செய்கிறவரையும் கூட நிறுத்திக்கொண்டு பாருங்கள். பழைய வர்ணக் கதவின் தூளை அடுப்புக்கோ மாட்டுத் தொழுவத்துக்கோ யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் பட்டறைக்கு வரும் ஆசாரிக்கு இருமல் இருந்தால் பீடியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மூச்சுப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், அன்றைய கூலியையும் கொடுத்துவிடுங்கள்.